நாலெழுத்து படித்தவர்

வேலையைப் பற்றி நாங்கள் என்ன நினைக்கிறோம் என்று எங்கள் ஹெச்.ஆர். சார் நேரில் கேட்கமாட்டார். எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்போம்; இருந்தாலும் சர்வே லிங்க்தான் வரும்.

'திங்கட்கிழமை காலை அலுவலகம் கிளம்பும்போது மனம் துள்ளுகிறது.' முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் முதல் முழுமையாக மறுக்கிறேன் வரை ஐந்து வட்டங்கள். விடை போய்ச்சேருவது இன்கிரிமென்ட் போடுகிறவரிடம். சோழிங்கநல்லூர் சிக்னலில் வெந்து வந்தவனுக்கும் மனம் துள்ளத்தான் செய்யும், வேறு வழி? பொய் பிடிக்க அதே கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். அதற்காக முதல் விடையைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ள எங்கள் குழு பழகிவிட்டது.

இது வெறும் பசிக்கு. சாருக்கு உயிர், மையர்ஸ்-பிரிக்ஸ் ஆளுமைத் தேர்வு. பதினாறு வகை மனிதர்கள், ஆளுக்கு நாலெழுத்து. அது வந்த நாளிலிருந்து அவருக்கு எங்கள் பெயர் மறந்துவிட்டது. "அந்த ஐ.எஸ்.டி.ஜே. சாப்பிடப் போயிட்டாரா?" என்பார். ஒருவர் லீவு கேட்டதற்கு, "உங்களுக்கு மூணாவது எழுத்து எஃப், எல்லாத்தையும் மனசுக்கு எடுத்துக்குவீங்க" என்றார். கேட்டவருக்கு அம்மை போட்டிருந்தது. சில மாதம் கழித்து மறுபடி எழுதியதில் பாதிப் பேருக்கு எழுத்து மாறிப்போனது. "வளர்ந்திருக்கீங்க!" என்று கைகொடுத்தார்.

இந்தத் தேர்வை உருவாக்கிய காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உளவியல் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட நூலைப் படித்து வீட்டிலேயே கட்டியெழுப்பியது. மகள் அதற்கு முன் துப்பறியும் நாவல் எழுதிப் பரிசும் வாங்கியவர். அதெல்லாம் போகட்டும், ஆளெடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்கிற நிறுவனமே சொல்கிறது. சாரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, நீங்க டி டைப்! ஆதாரத்தோட வருவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று பூரித்துப்போனார்.

கெட்டவர் இல்லை. பிறந்தநாள் கேக் வெட்டும்போது, கூட்டம் ஆகாத 'ஐ' ஆட்களுக்குத் துண்டை மேஜைக்கே கொண்டுவந்து வைப்பார், க்ரீம் பூ உள்ள துண்டாகப் பார்த்து.

ஆனால் போன மாதம் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போனேன். "உங்க டைப்புக்குப் பணம் பெரிசில்ல. அர்த்தமுள்ள வேலை இருந்தா போதும்" என்று ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டினார். ஜாதகக்காரராவது ஒரு பரிகாரம் சொல்லியிருப்பார். வேளச்சேரியில் என் டைப்புக்கும் வாடகையை ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்காரர் எந்த லிங்க்கும் அனுப்பவில்லை.