கார்டில் ஒன்றுமில்லை

எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் இரண்டு வகை: மக்ரூன் கேட்பவர்கள், முத்து கேட்பவர்கள். முதல் வகையால் தொந்தரவு இல்லை. முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் இருக்கும்வரை தூத்துக்குடியின் மானத்துக்குக் குறைவு வராது. இரண்டாவது வகையைத்தான் உட்கார வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. இந்தக் கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். அதற்குப் பிறகு முத்து என்ற பெயரோடு ஊருக்குள் ஒழுங்காக வந்து போவது சென்னை ரயிலான முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஒன்றுதான்.

"அப்போ இந்த ஊர்ல பாக்கிறதுக்கு என்னதான் இருக்கு?" என்பார்கள்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல நான் எழுந்து பீரோவைத் திறப்பேன். அடுப்படியிலிருந்து என் மனைவி, "அவங்களுக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்று குரல் கொடுப்பாள். ரயில் ராத்திரிதான். அவளுக்கும் அது தெரியும்.

பீரோவின் கீழ்த்தட்டில் நான்கு செருப்புப் பெட்டிகள். அவற்றுக்குள் படம் போட்ட பழைய தபால் கார்டுகள், முன்னூற்றுச் சொச்சம். தபால் கார்டு சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள், அதற்கு டெல்டியாலஜி என்று ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் கேட்டபோது தஞ்சாவூர்ப் பக்கம் பரவும் ஏதோ காய்ச்சல் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் சேர்ப்பது அழகான கார்டுகள். நான் சேர்ப்பவை சப்பைக் கார்டுகள். தாஜ்மகால் வந்தால் தொட மாட்டேன். மதுரைக் கோபுரம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவேன். படத்தைப் பார்த்ததும், "இதை எதுக்கு மெனக்கெட்டுப் போட்டோ புடிச்சான்?" என்று தோன்ற வேண்டும். தோன்றினால் அந்தக் கார்டு எனக்கு.

உதாரணத்துக்கு, என் பெட்டியின் மகுடம் என்று நான் நினைக்கும் ஒன்று. புதிய துறைமுகம் 1974இல் திறந்தபின் வந்த கலர் கார்டு. இங்கே இயற்கையான துறைமுகம் அமையவில்லை, கடலுக்குள் இரண்டு பக்கமும் கல்லைக் கொட்டி ஆளுக்கு ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி, நடுவில் கப்பலை நிறுத்துகிறார்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் கார்டில் வந்திருப்பது அந்தக் கல்சுவரில் ஒரு துண்டு. கல், அதற்குப் பின்னால் தண்ணீர், அதற்கு மேலே வானம். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிறம். யாரோ ஒருவர் இதைப் பிடித்து, யாரோ ஒருவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, யாரோ ஒருவர் ஆயிரக்கணக்கில் அடித்து, யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, பின்பக்கம் ஒன்றுமே எழுதாமல் நாற்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். இத்தனை பேர் சேர்ந்து ஒரு சுவருக்காகப் பாடுபட்டதை நினைத்தால் எனக்கு ஊர் மேல் பாசம் பொங்கும்.

விருந்தாளிகளுக்கு அப்படிப் பொங்குவதில்லை. "சுவரு... நல்லா கட்டியிருக்காங்க" என்பார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். மார்ட்டின் பார் என்ற இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் 1999இல் 'போரிங் போஸ்ட்கார்ட்ஸ்' என்றே தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். பெரிய சாலைகள், சாலையோரச் சாப்பாட்டு விடுதிகள், கடைத்தெருக்கள், பக்கத்துக்குப் பக்கம் அவ்வளவுதான். முன்னுரை கிடையாது, விளக்கம் கிடையாது. புத்தகம் நன்றாகப் போனதால் அடுத்த வருஷம் அமெரிக்காவின் சப்பைக் கார்டுகள், அதற்கடுத்த வருஷம் ஜெர்மனியின் சப்பைக் கார்டுகள். இதை என் மனைவியிடம் ஆதாரத்தோடு சொன்னேன். "அவரு புத்தகம் போட்டாரு. நீங்க பீரோவுல ஒரு தட்டை அடைச்சிட்டிய" என்றாள்.

என் கொள்முதல் எல்லாம் ஒரு பழைய பேப்பர் கடையில். முதல் தடவை போனபோது எடைத்தட்டின் பக்கத்தில் ஒரு கட்டு கிடந்தது. சணல் போட்டுக் கட்டியிருந்தது. அவிழ்க்காமலேயே என்ன விலை என்று கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி தராசில் தூக்கிப் போட்டார். முக்கால் கிலோ. பழைய நோட்டுப் புத்தக விலை. வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் பாதிக்கு மேல் ரேஷன் ரசீது, கல்யாண மொய் எழுதிய தாள், ஒரு பள்ளிக்கூடத்து மார்க் ஷீட். அடியில் ஒன்பது கார்டுகள்.

இந்த வியாபார முறைக்கு எங்கள் கரையில் முன்னோடி உண்டு. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. கரையில் குவித்து, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று மூடினபடியே ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதைப் போட்டு அழுகவிட்டு, ஈ மொய்க்க, நாற்றம் பொறுத்து, பிறகு கழுவி அலசி, அடியில் முத்து கிடக்கிறதா என்று தேடுவார். பெரும்பாலான சிப்பியில் ஒன்றும் இராது. அந்த ஏலக்காரர்கள் இருந்த ஊரில் நான் சணல் கட்டை அவிழ்க்காமல் வாங்கியது தவறா? நாற்றம்கூட இருந்தது. கட்டு கொஞ்ச நாள் மொட்டைமாடியில் வெயில் காய்ந்தது.

என் தவறு வேறு. அடுத்த வாரமே போய் இன்னொரு கட்டு இருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். தராசை மெதுவாக ஒதுக்கி வைத்தார். "இனிமே எடைக்குக் கிடையாது அண்ணாச்சி. எண்ணித்தான்."

எண்ணி வாங்கியதில்தான் எனக்கு வானம் கிடைத்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்தியாவில் தபால் கார்டு வந்தது 1879 ஜூலையில், விலை காலணா. இன்றைக்கும் சாதாரண கார்டு 50 காசுதான். டிவி போட்டிக்கு விடை எழுதி அனுப்புவதாக இருந்தால் அதற்கென்று தனிக் கார்டு, 10 ரூபாய். விடை தெரிந்தவனுக்கு 10 ரூபாய், "நலம், நலமறிய ஆவல்" என்பவனுக்கு 50 காசு. இதைவிட நியாயமான கட்டணத்தை நான் பார்த்ததில்லை.

பட கார்டு வந்த புதிதில் ஒரு சட்டம் இருந்தது. பின்பக்கத்தில் விலாசம் மட்டும்தான் எழுதலாம், வேறு ஒரு சொல்லும் கூடாது. இங்கிலாந்தில் 1902இல்தான் பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, பாதி விலாசத்துக்கு, பாதி சேதிக்கு என்று விட்டார்கள். அதுவரை சேதி சொல்ல ஆசைப்பட்டவர்கள் படத்தின் மேலேயே எழுதினார்கள். கோபுரம், யானை, மலை என்று நிறைந்த படமாக இருந்தால் பேனாவை எங்கே வைப்பது? தூத்துக்குடிக் கார்டில் அந்தக் கஷ்டமே இல்லை. இங்கே வருஷத்தில் முக்கால்வாசி நாள் மேகம்கூட எட்டிப் பார்க்காது. படத்தில் முக்கால்வாசி வெறும் வானம். என்னிடமுள்ள ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் எங்கள் வானம் முழுக்க நெருக்கி எழுதியிருக்கிறார். வெயில் கடுமை, வாழைப்பழம் மலிவு, சாயங்காலம் படகு, நாளைக் காலை கொழும்பு. அவ்வளவுதான் செய்தி. உலகத்திலேயே சேதி எழுத மிகத் தோதான வானம் எங்களுடையது என்று முடிவு செய்தேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த நேரம் படகுக்குக் காத்திருந்த நேரம். அதைக் கவனிக்க வேண்டும். ரயில் 1876இல் வந்துவிட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை, சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்களுக்கு முக்கிய வழி இந்த ஊர்தான். ரயிலை விட்டு இறங்குவார்கள், காத்திருப்பார்கள், கப்பல் ஏறுவார்கள். தூத்துக்குடியைப் பார்க்க என்று வந்தவர் யாரும் அதில் இருந்திருக்க மாட்டார். அக்கரையில் கொழும்பில் 1890இலேயே தொடங்கிய பிளாட்டே கம்பெனி தென்னந்தோப்பு, யானைக் குளியல், கண்டி நாட்டியம் என்று பட கார்டாக அடித்துத் தள்ளியது. இக்கரையில் எங்கள் பங்குக்குப் பருத்திப் பொதி. என்னிடமுள்ள பருத்திப் பொதிக் கார்டுகள் ஏழு. ஒன்றில் பொதியின் மேல் ஒரு காக்கா. அதைக் கொஞ்சம் கிளர்ச்சியான கார்டு என்று தனியாக வைத்திருக்கிறேன்.

"துறைமுகம், தூத்துக்குடி" என்று ஆங்கிலத்தில் தலைப்புப் போட்ட கார்டும் இருக்கிறது. தேடித் தேடிப் பார்த்தாலும் படத்தில் கப்பலைக் காணோம். படம் பிடித்தவரைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய துறைமுகத்தில் கரையோரம் ஆழம் பற்றாது. பெரிய கப்பல் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும், ஆளும் சரக்கும் படகில்தான் போய்ச் சேர வேண்டும். எனவே கப்பல் இல்லாத கப்பல் துறை. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கம்பெனி ஆரம்பித்து வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும் இந்தக் கரையிலிருந்துதான். ஒன்றின் பெயர் லாவோ, இன்னொன்று காலியா. என் கார்டைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன், "மாமா, கடல் காலியா?" என்றான். வ.உ.சி.யின் காலியா நிற்கும் கார்டு ஒன்று மட்டும் கிடைக்கட்டும், என் சப்பைக் கொள்கையை அன்றைக்கே கடலில் கரைத்துவிடுகிறேன்.

ஒரு கார்டைப் பற்றி மட்டும் விருந்தாளிகளிடம் அதிகம் பேசுவதில்லை. கப்பல் துறையின் சுவரோரம் மனிதர்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் துணி மூட்டைகள், ஒரு பித்தளைச் செம்பு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களும் இதே துறையில்தான் படகேறினார்கள். படத்தில் இருப்பவர்கள் அவர்கள்தானா, வேறு யாராவதா, தலைப்பில் ஒன்றும் இல்லை. தலைப்பு சுவரைப் பற்றியது. வானம் இதிலும் காலியாகத்தான் இருக்கிறது, ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. பூதக்கண்ணாடி வைத்து அந்தச் செம்பை நான் நிறைய நேரம் பார்த்திருக்கிறேன்.

கலர் கார்டுகளின் கதை வேறு. அந்தக் காலத்துக் கார்டுகளில் நிறைய ஜெர்மனியில் அச்சானவை. இங்கிருந்து கறுப்பு வெள்ளைப் படம் போகும். கடலையே பார்த்திராத யாரோ அங்கே உட்கார்ந்து உத்தேசமாக வண்ணம் போடுவார். என்னிடமுள்ள ஒரு கார்டில் எங்கள் உப்பளம் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பாத்தி கட்டி, வரப்பு போட்டு, தண்ணீர் நிற்கிறது என்றால் வயலாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து நாற்று நட்டுவிட்டார். உப்புக் குவியலை வைக்கோல்போர் ஆக்கியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு முன்பே எங்களைத் தஞ்சாவூராக்கிய அந்த ஜெர்மன்காரருக்கு நன்றி. டெல்டியாலஜி என்ற பெயரும் ஒருவழியாகப் பொருந்திவிட்டது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் தபாலைப் படித்து முடித்ததும் கம்பியில் குத்திவிடுவார்கள். மரக்கட்டையில் நிமிர்ந்து நிற்கும் கம்பி, அதில் கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை, கார்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக. என் கார்டுகளில் முக்கால்வாசிக்கு நடு நெற்றியில் ஓட்டை. சுத்தமான கார்டு சேர்க்கிறவர்கள் ஓட்டை விழுந்ததைக் கையில் தொட மாட்டார்கள். முத்தில் துளை போட்டால்தான் மாலையில் கோக்க முடியும், விலையும் வரும். கார்டில் துளை விழுந்தால் விலை போச்சு. இந்த நியாயத்தைப் பேப்பர் கடை அண்ணாச்சியிடம் எடுத்துச் சொல்லி, ஓட்டைக் கார்டுக்குப் பாதி விலை என்று ஒப்பந்தம் செய்துகொண்டேன்.

அதில் கொஞ்ச காலம் லாபம் பார்த்தேன். போன மாதம் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"அண்ணாச்சி, ஒரு கட்டு வந்திருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"கோயில், கொடிமரம்னு இருக்கப்போகுது. பாத்தீங்களா?"

"ஒண்ணுவிடாம பாத்துட்டேன். ஒரு ரோடு, ஒரு லைட்டுக் கம்பம், பெறவு ஒரு செவுரு. ஆள் கிடையாது, மாடு கிடையாது. சுத்தமா ஒண்ணுமில்ல."

எனக்கு நெஞ்சு படபடத்தது. குரலில் காட்டிக்கொள்ளாமல், "ஓட்டை இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. இருந்தாலும் பாதி வெலைக்குத் தர முடியாது அண்ணாச்சி. இம்புட்டு ஒண்ணுமில்லாத கட்டு இனிமே கிடைக்காது."