செங்கம் சாலைக் கப்பலியல்: பருவக் கடைசியில் ஒரு சிறு பாய்மரக் கலம்

திருவண்ணாமலையில் கடல் இல்லை என்பவர்கள் சமுத்திரத்தைப் பார்க்காதவர்கள். ரமணாசிரமத்துக்குத் தெற்கே, செங்கம் சாலையைக் கடந்து, வீட்டு மனைகளுக்கு அப்பால் ஓர் ஏரி கிடக்கிறது. அதன் பெயர் சமுத்திரம். பாண்டிச்சேரிக் கடற்கரைக்குப் பேருந்தில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். இந்தச் சமுத்திரத்துக்குச் செருப்பு இல்லாமலே நடந்து போய்விடலாம். பல வருடங்களில் அதில் தண்ணீரைவிட மாடுகளே அதிகம் தென்படும் என்பது ஆய்வுக்குத் தொடர்பில்லாத செய்தி. சமுத்திரம் உள்ள ஊரில் கப்பல் இருந்தே தீர வேண்டும் என்பது இவ்வாய்வின் முதற் கருதுகோள். அக்கப்பல் காகிதத்தால் ஆனது என்பது இரண்டாவது.

ஆய்வு, ரமண நகரில் ஒரு தெருவில், ஒரு திண்ணையில், மூன்று மழைக்காலமாக நடந்தது. நிதியுதவி ஏதும் இல்லை. மாடி வீட்டுக்காரர் கொடுத்த கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கணக்கில் சேர்க்கலாம். முதன்மைத் தகவலாளி எதிர்வீட்டுப் பெண், நான்காம் வகுப்பு. ஆய்வு நெறி கருதி அவள் பெயர் மறைக்கப்படுகிறது. அவளுக்கு இதில் உடன்பாடு இல்லை.

முன்னோடிகளைச் சொல்லாமல் எந்த ஆய்வேடும் தேறாது. காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்தியவனின் வழிவந்தவன் நீ என்று கரிகாலனிடம் சொல்கிறார் வெண்ணிக் குயத்தியார்; புறநானூறு, 66-ஆம் பாட்டு. கப்பல் வரலாறு எழுதும் எல்லோரும் அத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் வென்ற அரசனிடம் முகத்துக்கு நேரே, தோற்று நாணி வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கத்தான் அந்த அம்மா கப்பல் பேச்சையே எடுக்கிறார். இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வில் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்தது. செங்கம் சாலையோரச் சிமென்ட் திட்டிலும் ஒரு கப்பல் கீறல் உண்டு. சிமென்ட் காயுமுன் ஆணியால் கீறியது. அதன் காலத்தை இவ்வாய்வாளர் துல்லியமாகச் சொல்ல முடியும். கீறியவள் முதன்மைத் தகவலாளி.

பிற பள்ளிகளும் உண்டு. 1911 முதல் சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்காரர்கள் பாய் விரிக்கிறார்கள். தொண்டிப் பக்கம் மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போனவை. எல்லாம் பெரிய கலங்கள், நனைந்தால் கூழாகாதவை. நனைந்தால் கூழாகும் கலத்தை ஓட்டுவதற்கு வேண்டிய திறமை அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

இக்கலத்தைச் செவ்வியல் கலம் என்று சொல்லலாமா? தமிழைச் செம்மொழி என்று 2004-இல் அறிவித்தபோது வைத்த அளவுகோல்களில் ஒன்று, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை. பிறகு அதை ஆயிரத்தைந்நூறாக உயர்த்தினார்கள். எங்கள் தெருக் கப்பலின் ஆயுள், ஆய்வாளரின் கைக்கடிகாரப்படி, நாலு நிமிடத்திலிருந்து அரை மணி வரை. ஆனால் மடிப்பு முறை அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது, அவளுக்கு அவள் பெரியம்மா சொன்னது. கலம் அழியும், மடிப்பு அழியாது. இந்த ஒரு வாதத்தைக் கொண்டே செவ்வியல் தகுதி வழங்கப்படுகிறது; மறுப்போர் தில்லி சென்று முறையிடலாம்.

இனி, பருவம். இங்கேதான் அறிஞர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓயும் வடகிழக்குப் பருவமழைதான் பருவம் என்பது ஒரு கட்சி. ஆட்டோ நிறுத்தத்தில் போய்ப் பருவம் என்று கேட்டால் அவர்கள் வேறு கணக்குச் சொல்வார்கள். அங்கே அதன் பெயர் சீசன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்கும் காலம். மழை விடும்போது சூடு பிடித்து, மார்ச்சில் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். அறை வாடகை, சைக்கிள் வாடகை, இளநீர் விலை எல்லாம் இந்தச் சீசனை ஒட்டியவை. ஆக, ஒரு பருவம் முடியும் வாசலில் இன்னொரு பருவம் செருப்பைக் கழற்றுகிறது.

இதனால் கப்பல் கட்டும் தொழிலில் ஒரு பெரும் பொருளாதாரச் சிக்கல். சீசனில் இந்தப் பகுதியெங்கும் துண்டு நோட்டீஸ் கொழிக்கும்: சத்சங்கம், யோகா வகுப்பு, மௌன முகாம், மசாஜ், ஸ்கூட்டர் வாடகை. வழவழப்பான கெட்டித் தாள், சீக்கிரம் ஊறாது, கப்பலுக்கென்றே அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனால் அப்போது மழை இல்லை. மழை கொட்டும் ஐப்பசியில் நோட்டீஸ் இல்லை. காகிதம் உள்ளபோது தண்ணீர் இல்லை, தண்ணீர் உள்ளபோது காகிதம் இல்லை என்ற இவ்விதியை முதன்மைத் தகவலாளி எளிதாக உடைத்தாள். பங்குனியில் பொறுக்கியதை டிவிக்கு அடியில் ஏழு மாதம் சேமித்து வைத்தாள். இன்று எங்கள் தெருவில் ஓடும் கப்பல்கள் எல்லாம் போன சீசனின் ஞானத்தால் ஆனவை. காகிதத்தை வீணாக்காமை இந்த வட்டாரத்துக்குப் புதிதும் அல்ல. ஒரு பக்கம் அச்சான தாளின் வெற்றுப் பக்கத்தை வெட்டித் தைத்துக் குறிப்பேடாக்கிக் கொண்டவர் ரமணர் என்று ஆசிரமத்துப் பழைய நினைவுக் குறிப்புகள் சொல்லும்.

நோட்டீஸ் தீர்ந்தால் தினசரிக் காலண்டர். கிழித்த தாள் சின்னது, கப்பலும் சின்னது. ஆனால் பயண விதிகள் மேலேயே அச்சாகி இருக்கும் கலம் உலகில் வேறெங்கும் இல்லை. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், அன்றைக்குச் சூலம் எந்தத் திசை என்பதுவரை. மலை எங்களுக்கு வடக்கே. அதிலிருந்து இறங்கும் தண்ணீர் தெற்கே சமுத்திரத்தைப் பார்த்து ஓடும். கப்பலும் தெற்கே போக வேண்டும். வியாழக்கிழமை தெற்கே சூலம், பரிகாரம் தைலம். வியாழன் தாளில் கப்பல் விடலாகாது என்று பாட்டி ஒருத்தி தடை போட்டாள். தகவலாளி அசரவில்லை. மூலைக் கடையில் பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளால் வியாழன் கப்பலை ஒற்றி எடுத்தாள். தைலம் ஆயிற்று. வியப்பு என்னவென்றால், அன்றைக்கு விட்ட கப்பல்களில் நெடுநேரம் மிதந்தது அதுதான். எண்ணெய் ஊறிய தாளுக்குள் தண்ணீர் ஏற இடமில்லை. பரிகாரம் பலிக்கிறது என்று பாட்டி எழுதிக்கொள்ளட்டும்.

வடிவ இயலில் ஒன்று மட்டும் சொல்லிக் கடக்கிறேன். சதுரத் தாளில் சாதாக் கப்பல் வராது. தாளை இரண்டாக மடித்து, இரு மூலைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் கீழே ஒரு பட்டை மிஞ்ச வேண்டும். அந்தப் பட்டையைத் தூக்கி மடித்தால்தான் கப்பலுக்கு விளிம்பு. சதுரத்தில் மூலைகளே மொத்தத் தாளையும் தின்றுவிடும், பட்டை மிஞ்சாது. இதைக் கண்டுபிடிக்க இவ்வாய்வாளருக்கு ஒரு மழைக்காலமும் பதினேழு தாளும் ஆயின. தகவலாளிக்குத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். கத்திக் கப்பல் தனி இயலுக்கு உரியது; மூக்கு நீண்டிருக்கும், பார்க்க மிடுக்கு, ஓட்ட அடங்காது.

சாதாக் கப்பலின் நடுவே நிமிர்ந்து நிற்கும் முக்கோணம் எது? பாய் என்பார் ஒரு சாரார். கோபுரம் என்பார் ஒரு சாரார். ராஜகோபுரம் 217 அடி உயர்ந்து நிற்கும் ஊரில் அவர்களுக்கு ஆள்பலம் அதிகம். முக்கோணமாய் இருப்பதெல்லாம் மலையே, அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுவது கிரிவலமே என்பார் இன்னொரு சாரார். அவர்களோடு வாதிட முடியாது, கண்ணை மூடிக்கொள்வார்கள். இவ்வாய்வாளர் பாய்க் கட்சி. கார்த்திகை, மார்கழியில் வீசுவது வாடை. வடக்கிலிருந்து வரும் காற்று, தெற்கே போகும் கப்பலுக்கு நேர் பின்னே. இதைவிடப் பொருத்தம் எந்த மாலுமிக்கு வாய்க்கும்? ஆனால் வடக்கே 800 மீட்டருக்கு மேல் உயர்ந்து மலை நிற்கிறது. வாடை நேரே இறங்காது. மலையைச் சுற்றிக்கொண்டு வரும். காற்றே கிரிவலம் போகும் ஊர் இது. எந்தப் பக்கத்திலிருந்து வந்து சேரும் என்பது அதற்கே தெரியாது. கப்பலின் வயிற்றில் புளியங்கொட்டை இரண்டை அடிபாரமாக இடுவது இதனால்தான். மூன்று இட்டால் முழுகும். ஒன்று இட்டால் ஒரு பக்கம் உருண்டு சாய்த்துவிடும்.

மழை உச்சத்தில் கப்பல் விடக் கூடாது. மலைத் தண்ணீர் அப்போது செம்மண்ணோடு பாய்ந்து வரும். கலத்திலிருந்து கையை எடுத்தவுடன் காணோம். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி ஒரு வீட்டை மூடியது. ஏழு பேர் போனார்கள், ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருடத்துக் களக்குறிப்பேட்டில் அதற்குப் பின் ஒன்றும் எழுதப்படவில்லை.

மழை தளர்ந்த பிறகுதான் கலத்துக்கு நேரம். கார்த்திகைத் தீப நாள் முடியும். மறுநாள் தொடங்கி மூன்று இரவு அய்யங்குளத்தில் தெப்பல்: முதல் நாள் சந்திரசேகரர், அடுத்த நாள் பராசக்தி அம்மன், மூன்றாம் நாள் சுப்பிரமணியர். பாய் இல்லை, சுக்கான் இல்லை, சுற்றி வந்து சேரும் இடம் புறப்பட்ட இடமே. காற்றை நம்பாத கப்பற்கலை அது. நம் பள்ளியோடு ஒட்டாது, ஆனாலும் மாலுமிகள் வெள்ளோட்டம் பார்க்க வருவதுபோல் எங்கள் தெருவே அங்கே போய் நிற்கும். அய்யங்குளத்துக்குக் கையில் உள்ளதை வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. 1896 செப்டம்பர் 1 அன்று ஊர் வந்து சேர்ந்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், வழியில் ஒரு வீட்டார் அன்போடு கட்டிக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தை இந்தக் குளத்தில்தான் எறிந்தான். பின்னாளில் ஊரே அவரை ரமணர் என்றது.

மலை உச்சியில் தீபம் பதினொரு நாள் எரிந்து கொப்பரை கீழே இறங்கும் நேரத்தில், தெருவில் ஓட்டம் நின்றிருக்கும். மிஞ்சுவது ஒரு குட்டை. ஆட்டோ திரும்பும் இடத்தில், இரண்டு முழ அகலம். ஓட்டம் இல்லை, வாடையும் மலைக்குப் பின்னால் எங்கோ. வெறுங்கலம் நட்ட நடுவில் நிற்கும். பருவக் கடைசிக் கப்பலோட்டத்தின் முழுக் கலையும் இந்தக் குட்டையில்தான் இருக்கிறது.

இவ்வாய்வாளர் ஊதிப் பார்த்தார்; மூச்சு வாங்கியது. விரலால் அலை எழுப்பினார், கப்பல் கவிழ்ந்தது. தகவலாளி பூஜை அறைக்குப் போய் ஒரு கற்பூரத் துண்டு கொண்டுவந்தாள். கப்பலின் பின்விளிம்பில், தண்ணீரைத் தொடும்படி செருகினாள். கப்பல் நகர்ந்தது. தள்ளுவார் இல்லாமல், சத்தமில்லாமல், பெருமாள் வீதியுலா போவதுபோல் நகர்ந்தது. கற்பூரம் கரையும் பக்கம் நீரின் மேற்பரப்பு இழுவிசை குறைகிறது. முன்னே உள்ள நீர் கலத்தை இழுத்துக்கொள்கிறது. இதற்கு மரங்கோனி விளைவு என்று பெயர். இத்தாலிக்காரர் கார்லோ மரங்கோனி 1865-இல் இதைப் பற்றி எழுதினார். கற்பூரத்துக்குப் பஞ்சமில்லாத திருவண்ணாமலையில் இருந்துகொண்டு யாரும் முந்திக்கொள்ளாதது நம் குறைதான்.

அதே சோதனையை வீட்டுக்குள் சாப்பாட்டுத் தட்டில் செய்து பார்த்தேன். கப்பல் அசையவில்லை. கற்பூரம் போலி என்று முடிவு கட்டினேன். தகவலாளி எட்டிப் பார்த்து, "தட்டு கழுவுனீங்களா மாமா?" என்றாள்.

இதே கேள்வியை 1890-இல் இங்கிலாந்தில் ராலே பிரபு வேறு விதமாகக் கேட்டார். பெரிய குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, எவ்வளவு எண்ணெய் விட்டால் கற்பூரத்தின் ஓட்டம் நிற்கிறது என்று அளந்தார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் இரண்டு பங்குக்கும் குறைந்த கனத்தில் எண்ணெய்ப் படலம் இருந்தாலே போதும், ஓட்டம் நின்றுவிடுகிறது. என் தட்டில் இருந்த காலைச் சாம்பாரின் படலம் அதைவிடப் பல மடங்கு என்று அஞ்சுகிறேன்.

இங்கேதான் கப்பலியலின் தீராத சிக்கல் வெளிப்படுகிறது. எண்ணெய் ஒற்றினால் கலம் நெடுநேரம் வாழும். ஆனால் கற்பூரம் வேலை செய்யாது. கற்பூரம் வைத்தால் கலம் ஓடும். எண்ணெய் கூடாது, ஆகவே சீக்கிரம் ஊறி முழுகும். நின்று வாழ்வதா, ஓடி அழிவதா? இந்தப் பகுதியில் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டால் நாலு பேர் உட்கார்ந்து விடை சொல்ல ஆரம்பிப்பார்கள். ஆகவே மெல்லக் கேட்டோம்.

கடைசிக் களப்பணி ஒரு மார்கழி வியாழக்கிழமை. குட்டை ஒரு முழமாகச் சுருங்கியிருந்தது. காலண்டர் தாள், தெற்கே சூலம், தைலம் இல்லாமலே கற்பூரக் கப்பல். அது பாதி தூரம் போயிருக்கும்போது பெட்டி ஏற்றிய ஆட்டோ ஒன்று திரும்பியது. ஓட்டுநர் குட்டைக்கு முன்னால் பிரேக் பிடித்தார்.

"இன்னா ஆச்சு?" என்பதுபோல் உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தாடி எட்டிப் பார்த்தது.

"ஷிப் சார், ஷிப். கொஞ்சம் இருங்க, போவட்டும்" என்றார் ஓட்டுநர்.

பெரியவர் இறங்கினார். குந்தி உட்கார்ந்து, கப்பல் அக்கரை சேரும்வரை பார்த்தார். சேர்ந்ததும் கை தட்டினார். பிறகு தோள்பையிலிருந்து இந்த சீசனுக்கு அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் தகவலாளியிடம் நீட்டினார். நல்ல கெட்டித் தாள், வழவழப்பு, ஓரமெல்லாம் நீல மலை.

அவள் படிக்கவில்லை. மூலையோடு மூலை சேர்த்து ஒருதரம் மடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தாள்.

"சதுரம் மாமா."