பேரு பன்னெண்டு, பன்னெண்டு காட்டுனாப் போச்சு

ஏம் மாப்ளே, "பேட்டரி மேல 12 வோல்ட்டுனு எழுதியிருக்குது, மீட்டரும் 12.0 காட்டுது, அப்பறம் ஏன் செல்ஃப் எடுக்க மாட்டீங்குது?"ன்னு கேக்கறயே, கொஞ்சம் மெதுவாக் கேளு. அக்கா பையன் இஞ்சினியருக்குப் படிச்சுப்போட்டு கோயமுத்தூர்ல பெரிய கம்பெனில இருக்கறான்னு டீக்கடை முச்சூடும் சொல்லி வெச்சிருக்கறேன். என்ற மானத்தையும் சேத்து வாங்கிப்போடாதே.

12-ங்கறது பேரு மட்டுந்தான் சாமி. உள்ள ஆறு செல்லு இருக்குது. ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட்டுக்குப் பக்கம். பெருக்கிப் பாரு. போனை எடுக்காதே, வாயிலயே பெருக்கு. 12.6 வருதா? அதுதான் முழுசா சார்ஜ் ஏறுன பேட்டரி. ஏஜிஎம்முன்னு இப்ப ஒண்ணு வருதே, அது 12.8 வரைக்குங்கூட நிக்கும். 12.4 காட்டுனா முக்கால் பங்கு இருக்குது. 12.2-ன்னா பாதி. நீ கும்புட்டுக்கிட்டிருக்கற 12.0-ன்னா கால் பங்குதான் மிச்சம். அதுக்கும் கீழ போச்சுன்னா காலின்னே வெச்சுக்க. முழுசுக்கும் காலிக்கும் நடுவுல ஒரு வோல்ட்டு முழுசா இல்ல பாத்துக்க. சமாச்சாரமெல்லாம் புள்ளிக்குப் பின்னால இருக்குது. நீ புள்ளிக்கு முன்னால இருக்கறதைய மட்டும் படிச்சுப்போட்டு வந்து நிக்கறே.

சிப்பாய்க் கலகம் நடந்து ரெண்டு வருசம் கழிச்சு, 1859-ல, பிரான்சுக்காரன் பிளாந்தேங்கறவன் ஈயத் தகட்டையும் ஆசிட்டையும் வெச்சு இந்தப் பேட்டரியை உண்டாக்குனான். இன்னைக்கும் உன்ற பத்து லச்ச ரூபா வண்டிக்குள்ள அதே ஈயமும் அதே ஆசிட்டுந்தான். வண்டிக்குள்ள டீவி வெச்சுட்டான், மேல கண்ணாடிக் கூரை வெச்சுட்டான், அடியில மட்டும் நம்ம பாட்டன் காலத்துச் சரக்கு.

சரி, எங்க அளந்தே? சிகரெட்டு பத்த வெக்கற ஓட்டையில சொருகி, நீல லைட்டுல நம்பர் மினுக்குதே, அதுலயா? அது பாக்கறதுக்கு நெம்ப அழகாத்தான் இருக்குது. சாவியைப் போட்டாத்தான் அது எரியும். சாவியைப் போட்டா வண்டியில இன்னும் பத்து எரியும். எல்லாத்துக்கும் பங்கு போக, மெல்லிசு ஒயர்ல நடந்து வந்து மிஞ்சுனதைத்தான் உனக்குக் காட்டும். நெசம் தெரியோணும்னா பானெட்டைத் தொறந்து நேரா பேட்டரிகிட்டப் போ. மல்டிமீட்டரை டிசி பக்கம் 20-ல வை. செகப்பு பிளஸ்ல, கருப்பு மைனஸ்ல. மாத்தி வெச்சாலும் ஒண்ணும் ஆகாது, நம்பருக்கு முன்னால ஒரு மைனஸ் கோடு வரும், பக்கத்துல நிக்கறவன் சிரிப்பான், அவ்வளவுதான். ஆனா செகப்பு ஒயரை மீட்டர்ல 10 ஆம்ப்புனு போட்ட ஓட்டையில சொருகிப்போட்டு பேட்டரியில வெச்சியோ, பொறி பறந்து மீட்டர்ல ஃபியூஸ் போயிரும். முனையை இரும்புக் கிளாம்புல வெக்காதே, நடுவுல இருக்கற ஈயக் கட்டை மேலயே வை. கிளாம்புல வெள்ளையும் பச்சையுமா உப்புப் பூத்திருந்தா, பேட்டரி நல்லாயிருந்துங்கூட வண்டி எடுக்காது. சுடுதண்ணி ஊத்தி, சுரண்டி, துளி வாசலினைத் தடவுனா முடிஞ்சுது. இந்தச் சுடுதண்ணி வைத்தியம் பண்ணாமப் புதுப் பேட்டரி வாங்குன மகராசனுங்க நம்மூர்லயே இருக்கறாங்க. பேரைச் சொன்னா ஒரம்பரைக்குள்ள சண்டை வரும்.

அடுத்தது, எப்ப அளந்தே? அங்கதான் நீ நெசமாலுமே கோட்டை விட்டது. நேத்து வண்டியை ஸ்டார்ட் பண்ணி அணைச்ச சூட்டோட அளந்துப்போட்டு, "மாமா, 13.0 இருக்குது, சூப்பரு"ன்னியே. கெடா விருந்துல கையைக் கழுவிட்டு வந்து திண்ணையில உக்காந்தவனைப் பசிக்குதான்னு கேட்டா என்ன சொல்லுவான்? நாளைக்குக் காத்தால கேக்கோணும். தகட்டு மேல்மேல ஒட்டியிருக்கற சார்ஜ் அது, நிக்காது. ராத்திரி முழுக்க வண்டியைக் கம்முனு விட்டுப்போட்டு விடியால பாரு. அதுக்குள்ள அவசரம்னா, ஹெட்லைட்டை ரெண்டு நிமிசம் போட்டு அணைச்சுப்போட்டு, செத்த நேரம் கழிச்சு மீட்டரை வை. கதவைத் தொறந்து மூடிக்கிட்டே இருக்காதே. நீ கதவைத் தொட்டாலே அந்த வண்டியில நாலு கம்ப்யூட்டரு முழிச்சுக்குது. உங்கம்மா உன்னை எழுப்பறப்ப நீ அவ்வளவு வேகமா முழிச்சதில்ல.

விடியால 12.6 காட்டுச்சுன்னு உடனே சந்தோசப்பட்டுராதே. சும்மா இருக்கறப்பக் காட்டற வோல்ட்டு, சார்ஜ் இருக்குதான்னு சொல்லும், தெம்பு இருக்குதான்னு சொல்லாது. வயசான பேட்டரியும் 12.6 காட்டும். செல்ஃப் மோட்டாரு ஒரே இழுப்புல நூறு ஆம்ப்புக்கு மேல கேக்கறப்பத்தான் சாயம் வெளுக்கும். அதனால மீட்டரைப் புடிச்சுக்கிட்டே அம்மிணியைச் சாவி திருப்பச் சொல்லு. கொஞ்சம் மரியாதையாச் சொல்லு. வோல்ட்டு தடால்னு எறங்கும். 10-க்கு மேல நின்னா நல்ல பேட்டரி. 9.6-க்குக் கீழ போச்சுன்னா, முழுசா சார்ஜ் ஏத்திப்போட்டு இன்னொருக்காப் பாரு. அப்பவும் அதே கதைன்னா மாத்தற காலம் வந்துருச்சு.

ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் விடியால 10.5-லயே மொறைச்சுக்கிட்டு நிக்குதுன்னா, ஒரு செல்லு செத்துப்போச்சுன்னு கணக்கு. 12.6-ல 2.1 போனா எவ்வளவு? ஆங், இப்பத்தான் படிச்ச பையனாட்டத் தெரியறே. அதுக்கு மேல எத்தனை நாள் சார்ஜ் போட்டாலும் கரண்ட் பில்லுதான் ஏறும்.

இப்ப வண்டி ஓடறப்ப. போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போனைப் போட்டு, "மாமா, 12 வோல்ட்டு பேட்டரிக்கு 14.2 வருது, வெடிச்சுருமா?"ன்னியே, அந்தச் சிரிப்பு இன்னும் உங்கத்தைக்கு அடங்கல. 14.2 வரோணும் கண்ணு. பேட்டரி இருக்கற 12.6-யே ஆல்டர்னேட்டரும் குடுத்தா உள்ள என்னத்த ஏறும்? அதைவிட ஒரு படி தூக்கலாக் குடுத்தாத்தான் ஏறும். 13.8-லிருந்து 14.5 வரைக்கும் இருந்தா நிம்மதியாத் தூங்கு. ஏசி, ஹெட்லைட்டு, வைப்பரு எல்லாத்தையும் ஒட்டுக்காப் போட்டுங்கூட 13.5-க்குப் பக்கம் நிக்கோணும். அதுவும் நிக்காம 12-ல வந்து கெடந்தா பேட்டரிகாரன்கிட்டப் போகாதே. பெல்ட்டு லூசா, ஆல்டர்னேட்டரு போச்சான்னு பாரு. நாங்க அதைய இன்னும் டைனமோன்னுதான் சொல்லுவோம், நீ திருத்த வேண்டாம். 15-ஐத் தாண்டுனா ரெகுலேட்டரு கெட்டுப்போச்சு. பேட்டரி கொதிக்கும், தண்ணி வத்தும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். அப்ப வண்டியை நிறுத்திப்போட்டு ஆளைக் கூப்புடு.

இதுலயும் ஒரு கெரகம் இருக்குது. இப்பத்த சில வண்டியில டீசலு பெட்ரோலு மிச்சம் பண்றதுக்குன்னு ஆல்டர்னேட்டரையே கம்ப்யூட்டரு ஆட்டி வெக்குது. சமமான ரோட்டுல போறப்ப 12.6-க்கு எறங்கிக்கும், பிரேக் புடிக்கறப்ப 14.8-க்கு ஏறிக்கும். அந்த ஏத்த எறக்கத்தைப் பாத்துப்போட்டு ஆல்டர்னேட்டரைக் கழட்டுன மெக்கானிக்கும் உண்டு. வண்டியோட கூட வந்த பொஸ்தகத்தைப் படி. பிளாஸ்டிக் கவருகூடப் பிரிக்காம டேஷ்போர்டுல வெச்சிருக்கறயே, அதுதான்.

அப்பறம், டைனமோ வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு, ஓடற இஞ்சின்ல பேட்டரி ஒயரைக் கழட்டிக் காட்டறேன்னு எவனாவது வந்தா, டீ வாங்கிக் குடுத்துத் தாட்டி விடு. என்ற பழைய டிராக்டருக்கு அந்த வேலை சரி. உன்ற வண்டியில வோல்ட்டு ஒரே துள்ளாத் துள்ளி கம்ப்யூட்டரைத் தின்னுப்போட்டுப் போயிரும். பேட்டரி மேல குனியறப்ப பீடி சிகரெட்டும் ஆகாது, சார்ஜ் ஏர்றப்ப ஹைட்ரஜன் வரும். இந்த ஊர்ல எவனுக்கும் பயப்படாத நானே அங்க பீடியை அணைச்சுப்போட்டுத்தான் போவேன்.

சரி, உன்றது ஏன் 12.0-க்கு வந்துச்சு? வீட்டுலயே உக்காந்து வேலை பாக்கறே, வண்டி மாசக்கணக்குல புளியமரத்தடியில நிக்குது. அது தூங்குதுன்னு நெனச்சியா? கடிகாரம், அலாரம், நீ வாங்கி மாட்டுன கேமரா எல்லாஞ் சேந்து 50 மில்லி ஆம்ப்பு குடிக்குதுன்னு வெச்சுக்க. ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்பியர் அவரு. முப்பது நாளைக்கு 36. உன்ற பேட்டரியே 40. இப்ப சொல்லு, பேட்டரி கெட்டதா, நீ கெடுத்ததா? 12.4-க்குக் கீழயே நாள் கணக்குல கெடந்தா தகட்டுல சல்பேட்டு படிஞ்சு கல்லாட்டம் எறுகிக்கும். பத்தாததுக்கு நம்மூரு சித்திரை வெயிலு. குளிருல பேட்டரி மக்கர் பண்ணும், ஆனா அதைய உள்ளுக்குள்ள அரிச்சுத் தீக்கறது சூடுதான். இங்க மூணு நாலு வருசம் ஓடுனாலே கோயிலுக்கு ஒரு தேங்கா ஒடைக்கலாம்.

தெனமும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, நின்ன எடத்துலயே அஞ்சு நிமிசம் உறும விட்டுட்டு அணைக்கறயே, அதுல ஏர்றது சொற்பம். இன்னைக்கு ராத்திரி பேட்டரியைக் கழட்டிக் கடையில சார்ஜ் போடு. புதுசு வாங்குன்னு கடைக்காரன் சொன்னா, "லோடு டெஸ்ட்டர் வெச்சுக் காட்டுங்ணா"ன்னு மட்டும் சொல்லிப்போட்டுக் கம்முனு நில்லு, மத்தது தானா நடக்கும். அதுக்கப்பறம் வாரத்துக்கு ஒருக்காவாவது ஒரு மணி நேரத்துக்குக் கொறையாம ரோட்டுல ஓட்டோணும்.

சும்மா எங்க ஓட்டறதுன்னு ரோசனை பண்ணாதே. வர்ற ஞாயித்துக்கெழமை தாராபுரத்துல உங்கத்தை வழியில ஒரு சீரு. அதுக்கடுத்த வாரம் பல்லடத்துல கல்யாணம். அப்பறம் பழனி. நாங்க ரெண்டு பேரும் பின்னால பொட்டாட்ட உக்காந்துக்கறோம், நீ மீட்டரைப் பாத்துக்கிட்டே ஓட்டு. ஏசியை மட்டும் கொறைக்காதே, 13.5 நிக்குதான்னு பாக்கோணுமல்ல?