நாக்கின் மேல் பழி

ஏழை தன் சாப்பாட்டுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் காசில் பாதிதான் வயிற்றுக்குப் போகிறது, மீதி நாக்குக்குப் போகிறது. அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2011-இல் வெளியிட்ட 'புவர் எகனாமிக்ஸ்' சொன்னதில் உலகம் இறுகப் பிடித்துக்கொண்டது இதைத்தான். சான்று, 1983-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர கிராமக் கணக்கு. சோளமும் கம்பும் மலிவாகக் கிடக்க, அரிசிக்கும் கோதுமைக்கும் இரட்டிப்பாகக் கொடுத்தார்களாம், போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. ஏழை முட்டாள் அல்ல என்றும் புத்தகம் தோளில் தட்டிக் கொடுக்கிறது. 2019-இல் இருவருக்கும், மைக்கேல் கிரெமரோடு சேர்த்து, நோபல் கிடைத்தது.

நோபல் குழுவினர் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஒருமுறை கொல்லிமலைக்கு வந்திருக்கலாம். இங்கே மலையாளிப் பழங்குடிகளின் காட்டில் கட்டவெட்டிச் சாமை, பெருஞ்சாமை என்று சாமையிலேயே ரகம் ரகமாக விளைந்தது. இன்று பல காடுகளில் நிற்பது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. மலைக்காரனுக்கு நாக்கு நீண்டுவிட்டதா?

சாமையை உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், உமி போகாவிட்டால் மறுபடியும் குத்த வேண்டும். பகலெல்லாம் காட்டுவேலை பார்த்துவிட்டு வந்த பெண்ணின் தோள்தான் குத்த வேண்டும். ரூபாய்க்கு எத்தனை கலோரி என்று கணக்குப் போட்ட மகான்கள் உலக்கைக்கு என்ன விலை போட்டார்கள்? சாமையை மீட்கப் போன எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உமி நீக்கும் இயந்திரத்தையும் மலைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு நீட்டின. சாமைக்கு நீட்டிய கை எது? ரேஷன் கடை அரிசியை ரூபாய்க்கு ஒரு கிலோ போட்டது, 2011 ஜூனிலிருந்து சும்மாவே போடுகிறது. பசியாற்றிய அரிசி, அதைக் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். ஆனால் அந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு சாமை மூட்டைக்கு இடமில்லாமல் போனது யாருடைய ருசியால்? பட்டணத்துக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகல்லவா சாமைக்கு மரியாதை வந்தது!

புத்தகம் வந்த அதே 2011-இல்தான் நம் திட்டக் கமிஷன், கிராமத்தானுக்கு நாளுக்கு 26 ரூபாய் போதும் என்று உச்ச நீதிமன்றத்தில் கூசாமல் எழுதிக் கொடுத்தது.

அந்த மகாராஷ்டிரக் கணக்கைப் போட்ட இருவரில் ஒருவரான ஆங்கஸ் டீட்டனே, 2015-இல் நோபல் வாங்கியவர், பானர்ஜியும் டுஃப்லோவும் பேர் வாங்கிய, ஏழைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்கும் பரிசோதனைப் பொருளாதாரத்தின் சட்டையைப் பிடித்தார். இருப்பவர்கள் இல்லாதவர்கள் மேல் நடத்துவதாகவே இது இருக்கிறதே என்றார். நைரோபியின் குடிசைப் பகுதிகளில் பாக்கி வைத்த வீட்டுக்காரர்களின் குழாயை மூடினால் வசூல் கூடுமா என்று சீட்டுக் குலுக்கிப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. தவித்த வாய் குடித்தனக்காரர்களுடையது. பானர்ஜியும் டுஃப்லோவும் செய்ததல்ல அது. அவர்கள் போட்ட ரோட்டில் ஓடிய வண்டி.

எனக்கும் ஒரு பரிசோதனை நடத்த ஆசை. பொருளாதார நிபுணர்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி பல்கலைக்கழக விருந்திலேயே இருக்கட்டும். மறுபாதியைக் கொல்லிமலைச் செம்மேட்டில் இறக்கி, ஆளுக்கொரு உலக்கை, படிச் சாமை, நாளுக்கு 26 ரூபாய் கொடுப்போம். பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பாட்டி ஒருத்தி நோட்டும் பேனாவுமாக வந்து திண்ணையில் உட்காருவாள். "ஏனுங்க சாமி, இருக்கிறதே இத்துனூண்டு காசு, அதுல டீ குடிச்சீங்களாமே, எதுக்குங்க?"