பிளக்குதான் மாப்ள!

என் மாமனார் எனக்குக் கொடுத்த 1984 மாடல் புல்லட்டில் எந்தக் குறையும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரும் இதைப் படிப்பார். கும்பகோணத்து வீட்டுக் கொல்லையில் ஏழு வருடம் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்ற வண்டி. ஏழு வருடம் அப்படி நிறுத்தி வைத்தால் நானும்தான் ஸ்டார்ட் ஆகமாட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது கூடவே ஒரு மந்திரத்தையும் உபதேசித்தார். “இந்த வண்டில எது வந்தாலும் பிளக்குதான் மாப்ள. கழட்டித் தொடச்சு மாட்டுங்க, ஓடிரும்.”

ஓடியது, தாராசுரம் வரை. எனக்கு வேலை தஞ்சாவூரில். கும்பகோணத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர். தாராசுரம் நாலாவது கிலோமீட்டர். அங்கே இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மந்திரப்படி பிளக்கைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஊதி, மாட்டினேன். இரண்டாவது உதையிலேயே பிடித்துக்கொண்டது. மாமனார் மேல் எனக்கு அபார மரியாதை வந்தது. பாபநாசத்தில் மறுபடி நின்றது. துடைத்தேன், ஓடியது. அய்யம்பேட்டையிலும் அப்படியே. தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது கைக்குட்டை கரித்துணியாகியிருந்தது. மரியாதை மட்டும் குறையவில்லை.

அந்த மாதத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலை மூன்று முறை பார்த்தேன். பக்தி ஒன்றும் இல்லை, வண்டி அங்கேதான் நிற்கும். பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் ஸ்வரம் வரும் என்பார்கள். அதனாலேயே கம்பி வேலி போட்டுக் காக்கிறார்கள். எண்ணூறு வருஷத்துக் கல், தட்டினால் பேசுகிறது. வாசலில் நிற்கும் என் இரும்பை உதைத்தாலும் பேசவில்லை.

வழியில் வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. பெட்ரோல் இருக்கா என்று கேட்டவர்கள் பதினோரு பேர். கார்புரேட்டரில் தண்ணீர் என்றார் இளநீர்க்காரர். வண்டியைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி உதைக்கச் சொன்னார் ஒரு பெரியவர். அதையும் செய்தேன். தப்பில்லையே.

கடைசியில் மெக்கானிக்கிடம் போனேன். அவர் பிளக்கைக் கழற்றி, கேப்போடு எஞ்சின் தலை மேல் சாய்த்துவைத்துக் கிக்கரை உதைத்தார். பளிச்சென்று பொறி. “கரண்டு வருதே!” என்றேன் பெருமையாக.

“செவப்பா வருது சார். நீலமா வரணும். இது வெளியதான் வரும், உள்ள வராது.”

புரிந்துகொள்ள எனக்கு இரண்டு டீ ஆயிற்று. திறந்த வெளியில் பொறி தாவுவது சுலபம். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நசுங்கி இறுகிக் கிடக்கும் இடத்தில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டும். எங்கள் அலுவலகத்தில்கூட ஒருவர் உண்டு. டீக்கடையில் மேலாளரைக் கிழித்துத் தோரணம் கட்டுவார், அறைக்குள் போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒருவர் நான்தான் என்பதால் விஷயம் சட்டென்று பிடிபட்டது.

கோளாறு கண்டன்சரில். பழைய புல்லட்டில் பேட்டரி வெறும் 6 வோல்ட். அதைப் பத்தாயிரத்துக்கும் மேலே தூக்குவது காயில். எப்போது தூக்கும்? பாயிண்ட் என்கிற இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒட்டியிருந்து, பிரிகிற அந்தக் கணத்தில். பிரியும்போது பாயிண்டிலேயே பொறி பறந்து வீணாகாமல் தாங்கிக்கொள்வது கண்டன்சர். அது கெட்டால் பாயிண்ட் கருகும், பிளக்குக்கு மிச்சம்மீதிதான் போகும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக வேலை செய்து, சூடேறியதும் கைவிடுவது சாகக் கிடக்கும் கண்டன்சரின் குணம்.

மாமனாரின் மந்திர ரகசியம் அப்போதுதான் விளங்கியது. ஸ்பேனரைத் தேடி, பிளக் ஆறக் காத்திருந்து, கழற்றி, துடைத்து, மாட்ட இருபது நிமிடம். அதற்குள் கண்டன்சர் குளிர்ந்துவிடும். பிளக்கைத் துடைக்காமல் இருபது நிமிடம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாலும் வண்டி ஓடியிருக்கும்.

இந்த பாயிண்ட், காயில், பேட்டரி ஏற்பாட்டைக் காருக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங் என்கிற அமெரிக்கர், 1910 வாக்கில். 1912 காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வைத்தவரும் அவரே. ஊரெல்லாம் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கஷ்டப்படுகிறதே என்று இரங்கிய மனிதரின் இக்னிஷனை நான் நூறு வருடம் கழித்துக் காலால் உதைத்துக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் மறுநாள் வரச் சொன்னார். நான் போகவில்லை. இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகு இன்னொருவர் கையில் எதற்குக் கொடுப்பது? இந்த ஒரு எண்ணம்தான் உலகத்தில் பாதி மெக்கானிக்குகளுக்குச் சோறு போடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை புது கண்டன்சர், புது பாயிண்ட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்க ஃபீலர் கேஜ் இல்லை. ஷேவிங் பிளேடு ஒன்று 0.1 மில்லிமீட்டர்; நாலை அடுக்கினால் கணக்குச் சரி. “நாலு பிளேடு எதுக்குங்க?” என்று பயந்து வந்த மனைவியிடம் விளக்கினேன். பயம் தெளிந்த மாதிரி தெரியவில்லை.

எல்லாம் மாட்டியபின் தரையில் ஒரு வாசர் மிச்சம் கிடந்தது. கருஞ்சிவப்பாக, அட்டை மாதிரி, சுண்டுவிரல் நகம் அளவு. எதைப் பிரித்துப் பூட்டினாலும் ஒன்று மிஞ்சுவது வழக்கம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினேன். ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்ப் மீட்டர் முள் இடது பக்கம் சாய்ந்து ஆடாமல் அசையாமல் நின்றது. பேட்டரிக்கு என்ன பலம் என்று மகிழ்ந்தேன். அறுபத்திரண்டு உதை. நீலம் இல்லை, சிவப்பும் இல்லை. பிளக்கைத் துடைத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

திங்கட்கிழமை காலை தள்ளிக்கொண்டே போனேன். மெக்கானிக் எஞ்சின் பக்கம் குனியவே இல்லை. சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையாலேயே மெல்ல அமுக்கி, முள்ளை மட்டும் பார்த்தார்.

“முள்ளு ஆடல சார். பாயிண்ட் ஒட்டுனா எடது பக்கம் போவணும், பிரிஞ்சா நடுவுக்கு வரணும். இது போன எடத்துலயே நிக்குது. கரண்டு வேற வழியில எர்த் ஆவுது. யாரு கை வச்சது?”

நான் டீக்கடையைப் பார்த்தேன்.

“பாயிண்ட் வயர் மாட்ற போல்ட்டுல ஃபைபர் வாசர் ஒண்ணு இருக்குமே, செவப்பா? அது இருந்தாதான் போல்ட்டு பாடியில முட்டாது. எங்க அது?”

கை சட்டைப் பைக்குப் போனது. அது வேறு சட்டை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டை துவைக்கப் போயிருக்கும்.

“உங்ககிட்ட ஒண்ணு இருக்காதா?”

“இப்ப யாரு சார் பாயிண்ட் வண்டி ஓட்றா? எல்லாம் பாயிண்டே இல்லாத சிடிஐ.”

வீட்டுக்குப் போன் போட்டேன். “அதுவா?” என்றாள் மனைவி. “பட்டன்னு நெனச்சு பட்டன் டப்பாவுல போட்டு வச்சேன். என்னடா ஒரே ஓட்டையா இருக்கேன்னு அப்பவே பாத்தேன்.”

அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வாசர் வந்தது. ஆட்டோ வாடகை கண்டன்சர் விலையைவிட அதிகம். மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் மாட்டினார். முள் இடதுக்கும் நடுவுக்கும் தலையாட்டியது. முதல் உதையிலேயே தெரு முழுக்கத் தடதடவென்று சத்தம்.

அந்தச் சத்தத்தினூடே போன் அடித்தது. மாமனார். மகள் சொல்லியிருக்க வேண்டும்.

“ஓடிருச்சு போலருக்கே மாப்ள! கேக்குது, கேக்குது. என்னவாம்?”

கண்டன்சர், காயில், கெட்டரிங், ஃபைபர் வாசர், பட்டன் டப்பா எல்லாம் தொண்டை வரை வந்தன.

“பிளக்குதான் மாமா” என்றேன்.