எங்கள் வீட்டுத் திருகுவோர் சங்கம்

பழைய தையல் மிஷின் இருக்கிற வீட்டில் தைக்கத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். திருகத் தெரிந்தவர்கள் வீடு நிறைய இருப்பார்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தைக்கிறவள் அம்மா. மற்ற எல்லாரும், காபி குடிக்க வந்து உட்கார்ந்த விருந்தாளி உட்பட, திருகுவோர் சங்க உறுப்பினர்கள். உறுப்பினராவதற்குச் சந்தா கிடையாது. டென்ஷன் திருகைக் கண்டதும் கை துறுதுறுத்தால் போதும்.

கைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. திருகு என்றால் அப்படி ஒரு திருகு. கண்ணுக்கு நேராக, வட்டமாக, பளபளவென்று, விரல் வழுக்காமல் இருக்க ஓரமெல்லாம் வரிவரியாக. அதற்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு தட்டுகள், தட்டுகளுக்கு நடுவில் நூல். முடுக்கினால் தட்டுகள் நெருங்கி நூலைப் பிடிக்கும், தளர்த்தினால் விட்டுவிடும். பிற்காலத்து மாடல்களில் அதில் 0 முதல் 9 வரை எண் போட்டிருப்பார்கள். காலையில் 4-ல் இருந்தது சாயங்காலம் 7-ல் இருந்தால் வீட்டில் விசாரணை வைக்கலாம். எங்களுடையதில் எண் கிடையாது. குற்றம் நடக்கும், தடயம் இருக்காது.

மிஷின் சிங்கர். தாத்தா வாங்கியது. எண் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் பிறந்தது. அந்தத் தொழிற்சாலையை 1980-ல் மூடிவிட்டார்கள். அதற்காகக் கட்டிய ரயில் நிலையம் மட்டும் ‘சிங்கர்’ என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. பெற்றெடுத்த இடம் இல்லாமல் போனாலும் பிள்ளை எங்கள் வீட்டில் ஜாக்கெட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறது.

சங்கத் தலைவர் அப்பா. காந்தியை முன்வைத்துத்தான் மிஷின் பக்கத்தில் வருவார். யந்திர மோகத்தை அவ்வளவு கண்டித்த காந்தி, 1924-ல் சிங்கர் தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பினால்தான் சிங்கர் இதைச் செய்தார் என்பது காந்தியின் நம்பிக்கை. 1851-ல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கர் அதற்கு முன் நாடக நடிகர். ஒரே சமயத்தில் பல குடும்பங்கள். இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எந்த மனைவியின் கஷ்டத்தைப் பார்த்தார் என்று காந்தி விசாரிக்கவில்லை. எதையும் அறுந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கிற கலை சிங்கருக்குத் தெரிந்திருந்தது, அதில் சந்தேகமில்லை. அப்பாவுக்கு அது தெரியாது. மிஷின் எண்ணெய் தீர்ந்த ஒரு நாள் தேங்காய் எண்ணெயை ஊற்றினார். அது உள்ளே பிசினாகி, மிதியை மிதித்தால் சக்கரம் யோசித்துவிட்டுச் சுற்றியது.

செயலாளர் சித்தப்பா. இவர் ஆராய்ந்துவிட்டுத் திருகுகிற ரகம்.

“மதனி, துணிக்கு அடியில பாருங்க, நூல் கொசகொசன்னு சுத்திக் கெடக்கு. அப்போ கோளாறு அடிநூல்லதான?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மிஷின் தையலில் நியாயம் தலைகீழ். மேல்நூலும், கீழே பாபினில் சுற்றியிருக்கிற அடிநூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு இழுக்கின்றன. இரண்டும் சமமாக இழுத்தால் அந்தப் பின்னல் துணியின் தடிமனுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மேல்நூல் தளர்ந்தால் அடிநூல் அதைக் கீழே இழுத்துப்போட்டுவிடும். அடியில் வளையம் வளையமாகத் தொங்குவது மேல்நூல். அதுவே மேல்பக்கம் அடிநூல் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால் மேல்நூல் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. சண்டை நடப்பது கீழ்வீட்டில். மூட்டிவிட்டவர் இருப்பது மாடியில். யார் யார் வீட்டுக்குள் போயிருக்கிறார் என்று பார்க்க அம்மா மேலே சிவப்பு நூலும் பாபினில் வெள்ளை நூலும் போட்டு வெட்டுத் துணியில் ஒரு கோடு அடிப்பாள். நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தப்பா நிறத்துக்கெல்லாம் காத்திருக்க மாட்டார். பாபின் கேஸைக் கழற்றி, அதன் பக்கவாட்டுப் பட்டையில் இருக்கிற பொடித் திருகாணியைத் தளர்த்துவார். அதைக் கடிகாரத்தில் நிமிட முள் ஐந்து நிமிடம் நகர்கிற அளவுக்குத் திருகினாலே அதிகம். அவர் அரைமணி நேரம் திருகினார். கழன்று விழுந்த திருகாணியைக் குடும்பமே டார்ச் அடித்துத் தரையில் தவழ்ந்து தேடியது. கிடைத்த இடம் அவருடைய வேட்டி மடிப்பு.

அதன் பிறகு பாபின் கேஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. நூலின் நுனியைப் பிடித்து அதைத் தொங்கவிட்டாள். தானாக இறங்கக் கூடாது. மணிக்கட்டை மெல்லச் சுண்டினால் ஒரு விரற்கடை இறங்கி நின்றுவிட வேண்டும். தரைவரை ஓடினால் லூஸ், சுண்டியும் அசையாவிட்டால் டைட்.

பொருளாளர் அத்தை. துணியை அழுத்திப் பிடிக்கிற பாதத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திருகுவது இவள் பாணி. பாதத்தைத் தூக்கினால் உள்ளே தட்டுகள் விலகிவிடும். நூல் கோக்க வசதியாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. அத்தை அந்த நிலையில் நூலை இழுத்துப் பார்த்து, “இன்னும் லூசாத்தான் வருது” என்று முடுக்குவாள். மறுபடி இழுப்பாள், மறுபடி முடுக்குவாள். கடைசியில் பாதத்தை இறக்கி மிதித்தால் துணி சுருங்கும், நூல் படீரென்று அறும். “மட்டமான நூல்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அம்மா திருகைத் தொடுவது கடைசியில். முதலில் பாதத்தைத் தூக்கி, மேல்நூலை உருவிவிட்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து கோப்பாள். பாதி நேரம் நூல் தட்டுகளுக்கு வெளியே இருந்திருக்கும். அப்புறம் ஊசி. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். நூல் அந்தப் பக்கமாகத்தான் நுழைய வேண்டும். மழுங்கியிருந்தால் மாற்றுவாள். அதன் பிறகு உள்ளே சேர்ந்த பஞ்சு. தட்டுகளுக்கு நடுவில் ஒரு துணிக்கீற்றை விட்டு இழுப்பாள். பாபின் கேஸ் பட்டைக்கு அடியில் கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தை நுழைத்துத் தள்ளுவாள். குண்டூசியால் குத்த விடமாட்டாள். கீறல் விழுந்தால் நூல் அங்கே மாட்டும். இத்தனையும் முடிந்தபின் திருக வேண்டிய தேவை அநேகமாக இருக்காது.

பஞ்சுக்குத் திருகு கிடையாது. மழுங்கிய ஊசிக்கும் கிடையாது. திருக ஒன்று இருக்கிறது என்பதற்காகவே எல்லார் பாவத்தையும் டென்ஷன் சுமக்கிறது. இதை அம்மா சங்கத்துக்கு எடுத்துச் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள். அதனால் வேறு வழி கண்டுபிடித்தாள்.

மிஷினின் அடித்தட்டில், வலது ஓரமாக, இன்னொரு ஜோடித் தட்டும் ஸ்பிரிங்கும் திருகும் உண்டு. பாபினில் நூல் சுற்றும்போது மட்டும் அதற்கு வேலை. தைக்கும்போது நூல் அந்தப் பக்கமே போகாது. போன தீபாவளிக்குச் சித்தப்பா வந்து மிஷினை நெருங்கியபோது அம்மா ஒதுங்கி இடம் விட்டாள்.

“தம்பி, எனக்கு என்னமோ இதுலதான் கோளாறுன்னு தோணுது. பாருங்களேன்.”

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் திருகை வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று பார்த்துப் பார்த்துத் திருகினார். அதற்குள் அம்மா பஞ்சை எடுத்து, ஊசியை மாற்றி, நூலைக் கோத்துவிட்டாள். தைத்துக் காட்டினாள். மேலும் கீழும் ஒரே சீர்.

“நான்தான் அப்பவே சொன்னேனே மதனி” என்றார் சித்தப்பா. “நீங்க எல்லாரும் தப்பான திருகையே திருகிட்டு இருந்திருக்கீங்க.”