திறந்துவைத்து மறந்துபோனவருக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: திருத்தணி மலையடிவாரத்துக் குடிமகன்
பெறுநர்: இணையச் சேவைகளைத் திறந்துவைக்கும் உயர் அதிகாரி அவர்கள்

ஐயா,

தாங்கள் குத்துவிளக்கேற்றித் தொடங்கிவைத்த மென்பொருள் இன்றுவரை ஓர் எழுத்தும் மாறாமல் அப்படியே இருக்கிறது. கல்வெட்டு வெட்டியவர்கள் பொறாமைப்படுவார்கள். பாராட்டுகள்.

குறை ஒன்றுதான். மென்பொருள் மாறவில்லை, நாடு மாறிவிடுகிறது. எங்கள் ஊருக்கு இந்தப் பழக்கம் கொஞ்சம் அதிகம். மலை அதே மலை, படிகள் அதே 365. மேல்விலாசம்தான் தங்குவதில்லை. வட ஆற்காட்டில் இருந்தோம், 1911இல் சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திரம். ம.பொ.சி. போராடி, படாஸ்கர் எல்லை வகுத்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தோம். 1969இல் மாநிலம் தமிழ்நாடானது. 1997இல் மாவட்டம் திருவள்ளூரானது. இத்தனைக்கும் எவரும் வீடு மாற்றவில்லை.

1888இல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் இன்று தங்கள் தளத்தில் விண்ணப்பித்தால், ‘பிறந்த மாவட்டம்’ கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுப்பார்? வட ஆற்காடு பட்டியலிலேயே இல்லை. குடியரசுத் தலைவரானால் என்ன, ‘சரியான விவரத்தை உள்ளிடவும்’ என்று சிவப்பில்தான் வரும்.

பழங்கதை போகட்டும். 2022 ஏப்ரலில் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூரைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைத்தார்கள். புத்தூர் அதில் சேர்ந்தது. பிரசவத்துக்குப் புத்தூர் தாய்வீடு போகும் எங்கள் மருமகள்களின் குழந்தைகள் திருப்பதி மாவட்டத்தில் பிறக்கின்றன. தங்கள் பட்டியலில் அந்த மாவட்டம் இன்னும் பிறக்கவில்லை.

விசாரித்தால், எழுதிக் கொடுத்த கம்பெனியின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். எழுதிய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். மூல நிரல் எந்த அலமாரியில் என்று இனிமேல்தான் தேட வேண்டுமாம். அலமாரியில்!

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்த மெய்ர் லேமன் 1970களிலேயே விதியாக எழுதிவைத்தார்: புழங்குகிற மென்பொருளை ஓயாமல் மாற்றாவிட்டால் அதன் பயன் தேய்ந்துகொண்டே போகும், மாற்ற மாற்றச் சிக்கல் கூடும், அதைக் குறைக்கவும் தனியே உழைக்க வேண்டும். அவர் கணக்கில் திறப்பு விழாவன்று செலவு தொடங்குகிறது. தங்கள் கணக்கில் அன்றோடு முடிகிறது. 2001இல் விற்ற விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 வரை ஓட்டை அடைத்துக் கொடுத்தது. நிறுத்தும் நாளையும் முன்கூட்டியே சொன்னது. அவ்வளவு தூரம் எதற்கு? புத்தூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கூட, மறுகட்டுக்கு எப்போது வர வேண்டும் என்று நாள் சொல்லித்தான் அனுப்புகிறார்.

ஆகவே, அடுத்த டெண்டரில் விழாப் பந்தலுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியையாவது பராமரிப்புக்குத் தருமாறும், மூல நிரலை அரசே வாங்கி வைத்துக்கொள்ளுமாறும், பட்டியலில் ஒரு வரி சேர்க்கத் தெரிந்த ஒருவரையாவது வேலைக்கு அமர்த்துமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இந்த மனுவைத் தங்கள் தளம் ஏற்க மறுத்துவிட்டது. பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.